பாதிப் போர்வை

இந்தப் போர்வைக்கு ஜாதகம் எழுத உட்கார்ந்தால் பிறந்த தேதியிலேயே சிக்கல். தறியை விட்டுத் துணி இறங்கியது ஒரு பிறப்பு. மீஞ்சூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அதன்மேல் கத்தரி பட்டது இன்னொரு பிறப்பு. ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து அதே ஊரில் ஓரம் மடித்து அடித்தது மூன்றாவது. நான் நடுவில் உள்ளதிலிருந்துதான் கணக்கு வைப்பேன். துணி முழுசாக இருக்கும்வரை அதை உடுத்தலாம், சீர்த்தட்டில் வைத்துக் கொடுக்கலாம், கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம். ஏழு அங்குலச் சதுரமாக வெட்டிப்போட்ட பிறகு அதற்கு ஒரு வழிதான் மிச்சம், பக்கத்துச் சதுரத்தோடு சேர்வது. சேராவிட்டால் அடுப்படிப் பிடிதுணி.

வெட்டியவர் என் பெரியம்மா, அம்மாவின் மூத்த அக்கா. 1990-களின் நடுவில், மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஓட்டுவீட்டில், சதுரங்களை ஒன்பது ஒன்பதாக இணைத்து ஐந்து வரிசை தைத்தார். தைக்காத 62 சதுரங்களை ஒரு பாவாடை நாடாவால் இறுக்கிக் கட்டினார். வேலை அத்தோடு நின்றது. மூட்டை பரணுக்குப் போயிற்று. ஓட்டுவீட்டை இடித்துத் தளம் போட்டபோது எதிர்வீட்டில் சில மாதம் குடியிருந்துவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடியும் பரண்.

கட்டம் போட்ட துணி இந்தப் பக்கத்துக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. மீஞ்சூரிலிருந்து பொன்னேரி போய்க் கிழக்கே திரும்பினால் பழவேற்காடு. இன்று அங்கே போகிறவர்கள் இறாலுக்கும் நண்டுக்கும் பறவை பார்க்கவும் போகிறார்கள். டச்சுக்காரர்கள் துணிக்குப் போனார்கள். 1610-இல் வாணிபக் கூடம் போட்டு, 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்குமான தலைமையிடமாக அதை வைத்திருந்தார்கள். காரணம் எளிது. கிழக்கே மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வைத்திருந்தவர்களிடம் காசைவிடத் துணி நன்றாகச் செல்லுபடியானது. துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேர் இந்தக் கடலோர மணலில் விளைந்தது. நாட்டு மருந்துக்கடையில் இம்பூறல் என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்தச் செடியின் வேர்தான் அது. படிகாரம் போட்டு ஊறவைத்த நூல் அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது.

பிறகு இங்கிலீஷ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் காலத்தில் இந்தக் கரையின் கட்டம் போட்ட துணி ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீப்’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. பெயரில் கைக்குட்டை இருந்தாலும் யாரும் அதில் மூக்குச் சிந்தவில்லை. ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜம் உள்ள சதுரங்கள், எட்டுச் சதுரம் வெட்டாமல் ஒரே நீளமாக, எட்டுக் கெஜத் துண்டுகளாகப் போகும். நெய்தவர் கத்தரி வைப்பதில்லை. வெட்டுவது வாங்குகிறவர் பாடு. நைஜீரியாவின் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் அதையும் தாண்டிப் போனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் நம் கட்டத் துணியை எடுத்து, ஊசியால் ஓர் இழையைத் தூக்கி, பிளேடால் நறுக்கி உருவிவிடுவார்கள். இப்படி ஆயிரக்கணக்கான இழைகளை எடுத்த பிறகு, நெய்தவர் கனவிலும் நினைக்காத வேறொரு வடிவம் அதே துணியில் தெரியும். பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். குழந்தை பிறந்தாலும் பெரியவர் இறந்தாலும் அந்தத் துணி அவர்களுக்கு வேண்டும். தைப்பது ஒட்டுவது எல்லாமே சேர்க்கிற வேலை என்று நினைத்திருந்த எனக்கு, எடுப்பதாலும் ஒரு துணியை முடிக்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள்.

கரீபியன் தீவுகளான டொமினிக்காவிலும் செயின்ட் லூசியாவிலும் பெண்களின் தேசிய உடையே இந்த மெட்ராஸ் கட்டம்தான். மெக்சிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டுகிற துணிக்குப் பழவேற்காட்டின் பெயரே ஒட்டிக்கொண்டு ‘பலியகாத்தே’ ஆகிவிட்டது. அந்த நாட்டு விடுதலைப் போர்த் தளபதி ஹோசே மரியா மொரேலோஸ் 2021 வரை தலைத்துணியோடுதான் ஐம்பது பெசோ நோட்டில் அச்சாகியிருந்தார். பழவேற்காட்டில் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் தலையில் அப்படித்தான் கட்டுகிறார். அவரை யாரும் நோட்டில் போடவில்லை.

பெரியம்மாவின் மூட்டைக்குள் இருந்தவை இவ்வளவு தூரம் போய்வந்தவை அல்ல. பெரும்பாலானவை லுங்கித் துணி. பெரியப்பாவுக்கு எடுத்ததில் மிஞ்சிய துண்டும், விளிம்பில் சாயம் திட்டாகப் போனதால் மலிவாகக் கிடைத்த கட்பீஸும். பத்துப் பதினைந்து சதுரங்கள் மட்டும் கைத்தறி. இரண்டு பக்கமும் ஒரே முகம், சிவப்பும் நீலமும், தொட்டாலே கனம் தெரியும். அது ஆரணிச் சம்பந்தி வழியாக வந்தது என்பது அம்மாவின் கட்சி. பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிற நெசவாளர் ஊர் ஆரணி.

லுங்கித் துணி வந்த இடத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் குடியிருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குத் தி.நகர் என்பது கல்யாணத்துக்குப் போகிற கடைத்தெரு. மற்ற எல்லாவற்றுக்கும் கொருக்குப்பேட்டையில் இறங்கி எம்.சி. ரோடுதான். நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வெறும் கட்டைப்பையோடு பெண்கள் ஏறுவார்கள். திரும்பும்போது பையின் காது அறுந்துவிடும் போலிருக்கும். அந்தத் தெரு துணிக்குப் பேர் வாங்கியது தற்செயல் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்றுமதித் துணியை வெளுக்கவும் துவைக்கவும் ஆட்களைக் குடியமர்த்திய பேட்டை அது. நூற்பவரையும் நெய்பவரையும் 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையில் வைத்தார்கள், வெளுப்பவர்கள் வண்ணாரப்பேட்டையில். வெளுத்த துறைகள் போய்விட்டன, துணி மட்டும் அந்த இடத்தை விடவில்லை.

பெரியம்மாவிடம் இருந்தது கறுப்பு உஷா மெஷின், கால்மிதி. 1930-களில் கல்கத்தாவில் லாலா ஸ்ரீராமின் ஜெய் இன்ஜினியரிங் தொடங்கிய மாடலின் பேரன் என்று சொல்லலாம். தலையை மாற்றியும் சக்கரத்தை மாற்றியும் எத்தனை வருஷமானாலும் ஓட்டலாம். மெஷின் வந்தது பொழுதுபோக்குக்கு அல்ல. சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சீருடையைத் தைப்பது சமூகநலத் துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள். பெரியம்மா அப்படி ஒன்றில் உறுப்பினர். கட்டுக்கட்டாகத் துணியை வாங்கிவந்து, சட்டைக்கு இவ்வளவு, டிராயருக்கு இவ்வளவு என்று உருப்படிக் கூலிக்குத் தைப்பார். வெள்ளைச் சட்டையும் காக்கி டிராயரும் திண்ணை வரை அடுக்கியிருக்கும். காஜா எடுக்க அடுத்த தெருப் பெண்கள் இருவர். பட்டன் வைப்பது நாங்கள், லீவுக்குப் போன பிள்ளைகள். நான் வைத்த பட்டன் எந்தப் பள்ளிக்கூடத்தில் முதலில் அறுந்ததோ.

போர்வை ஏன் பாதியில் நின்றது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரியப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, பெரிய அக்காவின் கல்யாணம், மெஷின் பெல்ட் அறுந்தது. பாதியில் நிற்கிற தையலுக்கு இத்தனை பெரிய காரணம் வேண்டியதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கூலிக்குத் தைக்கிற வீட்டில் சொந்தத் தையல் எப்போதும் வரிசையில் கடைசி. சீருடைக் கட்டு வந்துவிட்டால் மெஷின் அதற்கு. அது முடிந்ததும் தீபாவளி ஜாக்கெட். அப்புறம் பொங்கல். இடையில் ஒரு மத்தியானம் கிடைத்தால் தூங்கத்தான் தோன்றும். தையற்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கிழிந்த சட்டை என்று ஊரில் சொல்வது கேலிக்கு மட்டும் அல்ல.

மூட்டையை இறக்கியது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த பிறகு. கீழே இருந்த அரிசி, மெத்தை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் நனைந்து நாறிக் கிடந்தபோது, பரணில் இருந்தவை மட்டும் உலர்ந்திருந்தன. அப்படித்தான் பல வீடுகளில் அந்த வாரம் மறந்துபோன சாமான்கள் வெளியே வந்தன. முடிச்சை அவிழ்த்ததும் அந்துருண்டை வாசனை. உருண்டைகள் கரைந்து காகிதம்தான் மிச்சம். மேலாக இருந்த கைத்தறிச் சதுரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. கஞ்சி ஏறிய துணி அதற்கு விருந்து. சலவையில் கஞ்சி போயிருந்த லுங்கித் துண்டுகளை அது சீண்டவில்லை. குண்டூசி குத்திய இடமெல்லாம் துருப்பிடித்த பழுப்புப் புள்ளி. மடித்த மடிப்பில் நிறம் வெளிறிக் கோடு விழுந்திருந்தது.

முதல் வேலை துவைப்பது. இங்கேதான் மீஞ்சூர் தன் வேலையைக் காட்டும். 1960-களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் நிலத்தடி நீரைச் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைக்கத் தொடங்கினார்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்து வைத்த நன்னீர் குறையக் குறைய, கடல்நீர் அடியிலேயே கிலோமீட்டர் கணக்கில் உள்ளே நடந்து வந்தது. பிறகு, 2010-இல், அதே கடலின் நீரைக் காட்டுப்பள்ளியில் குடிநீராக்கி நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் சென்னைக்கு அனுப்பும் ஆலையைத் திறந்தார்கள். ஆலைக்குப் பெயர் மீஞ்சூர். ஊரில் பல வீட்டுப் போரில் இன்னும் உப்புத்தான். உப்புநீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பு பிசுக்காகி இழையில் உட்கார்ந்துகொள்ளும், வெள்ளைத் துணி நாளடைவில் மஞ்சளடிக்கும். அதனால் சீருடையின் வெள்ளைத் துணியில் கறை பட்டால் பெரியம்மா குடத்து நீரில்தான் அலசுவாராம். நாங்கள் கேன் தண்ணீர் வாங்கினோம். அம்மாவுக்கு அந்தச் செலவு இன்றுவரை மனம் ஆறவில்லை.

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தோம். லுங்கியெல்லாம் தேறியது. கைத்தறி நீலம் மட்டும் ஒற்றிய இடமெல்லாம் வழிந்தது. அமெரிக்காவில் 1960-களில் இதையே பெருமையாக்கி விற்றார்கள்: முதலில் சட்டை வாங்கியவர்கள் சாயம் போகிறது என்று சண்டைக்கு வர, வியாபாரிகள் ‘சாயம் போகும் என்று உத்தரவாதம்’ என்றே விளம்பரம் போட்டு, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்று சொல்லிச் சமாளித்தார்கள். அந்தச் சாமர்த்தியம் நமக்கு இல்லை. கல்லுப்பில் ஊறவைத்து, நீர் தெளியும்வரை அலசி, நிழலில் காயப்போட்டோம். மாடியில் போட்டால் காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து வீசுகிற நாளில் கொடியில் கிடக்கிற துணியைத் தூசி தட்டித்தான் எடுக்க வேண்டும்.

தைத்திருந்த ஐந்து வரிசைதான் எனக்குப் பிடித்த பகுதி. திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்த்தால் ஆளே தெரிகிறார். முதல் வரிசையில் மடிப்பு விட்டது சரியாக அரை அங்குலம், சாக்பீஸ் கோடு கிழித்து அதன்மேல் தைத்திருக்கிறார். இரண்டாவதிலும் கோடு உண்டு. மூன்றாவதிலிருந்து கோடு இல்லை, கண்ணளவு, ஆனாலும் பிசகவில்லை. சீருடைக் கை அது, வேகமும் நேர்த்தியும் சேர்ந்தது. ஐந்தாவதில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு சதுரங்கள் ஒரே துணி. அதுவரை பக்கத்தில் பக்கம் ஒரே துணி வராமல் பார்த்தவருக்கு அந்த இடத்தில் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், அல்லது விளக்கு போயிருக்க வேண்டும். அந்த இணைப்பைப் பிரித்து மாற்றலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

“அக்கா தச்சதப் பிரிக்கறதுக்கு நீ யாருடி? நீ தைக்கறத ஒழுங்கா தை.”

பிரிக்கவில்லை. ஆனால் நூலைப் பிரிக்காமல் இருக்க முடியவில்லை. அன்று போட்ட பருத்தி நூல் இற்றுப்போய், வரிசையை லேசாக இழுத்தாலே பட்பட்டென்று விட்டது. பழைய தையல் கிடந்த தடத்திலேயே, ஊசிக்கண் விழுந்த கோட்டிலேயே, பாலியெஸ்டர் நூல் போட்டு மறுபடி ஓட்டினோம். அதைத் தைக்கும்போது மட்டும் மெஷினை அம்மா என்னிடம் தரவில்லை.

மெஷினைச் சரிபார்க்க வந்தவர் பாபின் கேஸைக் கழற்றிப் பார்த்து, சுருள்கம்பியை மாற்றி, எண்ணெய் விட்டு, டென்ஷன் வைத்துக் கொடுத்தார். பதினான்காம் நம்பர் ஊசி போதும் என்றார். கட்டை நூல் என்றால் பதினாறு. கிளம்பும்போது மூட்டையைப் பார்த்துவிட்டு, “இதுக்காகவா ஆயா மெஷினைத் தூக்கி வெளிய வெச்சீங்க? புதுப் போர்வையே இதைவிட மலிவாச்சே” என்றார். கணக்கு அவர் பக்கம்தான். பழுது பார்த்த கூலி, கேன் தண்ணீர், நூல், அடித்துணி எல்லாம் கூட்டினால் எம்.சி. ரோட்டில் இரண்டு போர்வை எடுத்திருக்கலாம்.

அமெரிக்காவில் 2022-இல் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்று ஓர் அமைப்பு தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் பாதியில் விட்டுப்போன பின்னல், தையல் வேலைகளை, முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் வாங்கி முடித்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் இறந்துபோனவர்களின் வேலை. அல்லது கை நடுங்கி ஊசி பிடிக்க முடியாமல் போனவர்களின் வேலை. முடிப்பவர்கள் முந்தையவரின் இழுவையை, கை அழுத்தத்தை ஒத்துப்போக முயல்கிறார்களாம். நல்ல காரியம்தான். நமக்கு ஒரு வசதி, பெரியம்மா உயிரோடு இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, ஊசி கோக்க மட்டும் பேத்தியைக் கூப்பிடுவார். ஆகவே நேரே போய்க் கேட்டேன். எத்தனை வரிசை தைப்பதாக இருந்தீர்கள், யாருக்கு, எப்படி முடிப்பதாக உத்தேசம்?

“அதுவா? வெட்டுன துணி வீணாப் போவக்கூடாதுன்னு மூட்ட கட்டி வெச்சேன். இன்னா தைக்கப்போறோம்னு எனக்கு அப்பவே மறந்துபோச்சு. போர்வைன்னு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்பது சதுர அகலம் என்பதால் போர்வை என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். கதவுத் திரையாக இருந்திருக்கலாம், பாயின் மேல் போடும் விரிப்பாக இருந்திருக்கலாம். தெலுங்கு பேசும் வீடுகளில் பழந்துணியை அடுக்கித் தைக்கிற பொந்தையாகவும் இருந்திருக்கலாம். பெரியம்மாவுக்கு இதில் துளி வருத்தம் இல்லை. பின்பக்கத் தையலை வைத்து நான் கட்டியிருந்த ஊகங்களையெல்லாம் சொன்னபோது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். ஐந்தாம் வரிசையில் ஒரே துணி இரண்டு வந்ததைக் காட்டியதும், “அட ஆமா” என்றார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. யாருடைய திட்டத்துக்கும் பணிய வேண்டியதில்லை. பதினான்கு வரிசை என்று நாங்கள் முடிவு செய்தோம், ஆள் காலை நீட்டிப் படுக்க ஏழடி வேண்டுமே. கணக்குப் போட்டால் 19 சதுரம் குறைந்தது. பூச்சி அரித்ததைக் கழித்தால் இன்னும் சில. புது லுங்கி ஒன்றை வாங்கி, இரண்டு முறை வெந்நீரில் துவைத்துச் சுருங்கவிட்டுத்தான் வெட்டினோம். பழைய பருத்தி தன் சுருக்கத்தையெல்லாம் முடித்துவிட்டது. புதுசை அப்படியே சேர்த்தால் அடுத்த சலவையில் அது இழுத்துப் பக்கத்துச் சதுரத்தையும் கோணலாக்கும். வெட்டும்போது நூலோட்டம் பார்த்து வெட்ட வேண்டும். கட்டத் துணியில் அரை நூல் சாய்ந்தாலும் மறைக்க முடியாது, கோடே காட்டிக்கொடுக்கும். பூப்போட்ட துணி எவ்வளவோ மன்னிக்கும்.

வரிசைகளை ஒன்றோடு ஒன்று சேர்க்கும்போது நான்கு மூலையும் ஒரு புள்ளியில் கூட வேண்டும். அதற்கு ஒரு வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் படிய இஸ்திரி போட்டால், இரண்டும் மேடுபள்ளமாக ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும், நகராது. இதை அம்மாவுக்கும் எனக்கும் சொல்லித்தந்தது பெரியம்மாதான். தைத்த வரிசையைக் கையில் வாங்கி, விரலால் நீவிப் பார்த்து, எங்கே ஏறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். தானே தைக்கிறேன் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. தைத்துத் தேய்ந்த முட்டிக்கு மிதிக்கிற ஆசை இருக்காது போல.

அடிக்குக் காடாத் துணி, இடையில் பஞ்சுக்குப் பதில் பெரியம்மாவின் பழைய வாயில் புடவை ஒன்றை இரண்டாக மடித்து வைத்தோம். மீஞ்சூர் வெயிலுக்குப் பஞ்சு ஆகாது. மூன்று அடுக்கும் விலகாமல் இருக்க, தரையில் விரித்து நால்வர் சுற்றி உட்கார்ந்து கையாலேயே ஓட்டுத்தையல் போட்டோம். ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு நீளத்தில் தையல். ஓரத்துக்குக் குறுக்குவாட்டில் வெட்டிய பட்டி கொடுத்து மடித்து அடித்தோம். நேர்வாட்டுப் பட்டியைவிட அது எளிதாக வளைந்து கொடுக்கும்.

போர்வை இப்போது பெரியம்மாவின் பேத்தியிடம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஏசியைக் குறைக்கச் சொன்னால் டிரைவர் கேட்பதில்லையாம், அதனால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறாள். அவளுக்கு இரண்டு குறை. கனம் அதிகம், மழைக்காலத்தில் காய மூன்று நாள் ஆகிறது. இழுத்து மூடினால் கால் வெளியே தெரிகிறது என்று மூன்றாவதாக ஒன்றும் சொல்கிறாள், இன்னும் ஒரு வரிசை வேண்டுமாம். மிச்சத் துணி இருக்கிறது. மெஷினில் இப்போது சித்தி மகளின் ஜாக்கெட் கிடக்கிறது, அது முடியட்டும் என்றிருக்கிறோம்.